தாய் திரும்பி வரும் நேரம்

காலை ஆறே கால். ஒரகடத்தில் முதல் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக உள்ளே நுழைகிற நேரம். ஒரு தொழிற்சாலையின் கேட்டிலிருந்து கால்நடை மருத்துவருக்குப் போன்.

"சார், மான்குட்டி ஒண்ணு அனாதையா கெடந்துச்சு. தூக்கிட்டு வந்து ஸ்டோர் ரூம்ல வச்சிருக்கோம். பால் குடுத்தோம், குடிக்க மாட்டேங்குது."

"தாய் எங்க செத்துக் கெடக்கு?"

மறுமுனையில் தயக்கம். "தாயா? தாயைப் பாக்கலையே சார். குட்டி மட்டும்தான் புல்லுல படுத்திருந்துச்சு."

"செத்த தாயைப் பாக்கலைன்னா அது அனாதைன்னு எப்படித் தம்பி முடிவு பண்ணீங்க?"

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வேலை பார்த்த காலம் முழுக்க அவர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அரசுக் கால்நடை மருந்தகத்தில் அவருடைய வேலை கறவை மாடும் வெள்ளாடும்தான். சினை ஊசி, கன்று திருப்பிப் போடுவது, கோமாரிக்குத் தடுப்பூசி, மழைக்காலத்தில் ஆட்டுக்கொல்லி நோய். மானுக்கு அவருடைய பதிவேட்டில் பத்தியே கிடையாது. ஆனால் காயம்பட்ட மானைத் தூக்கிக்கொண்டு ஃபாரஸ்ட்காரர்கள் வந்து நிற்கும்போது, பக்கத்தில் கத்தியும் நூலும் ஊசியும் வைத்திருப்பவர் மாட்டு டாக்டர் ஒருவர்தான். அப்படித்தான் மான் அவரிடம் வந்து சேர்ந்தது.

அன்று அவர் போய்ச் சேர்ந்தபோது, உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டிக்குள் குட்டி உட்கார்ந்திருந்தது. அடியில் குமிழ் குமிழான பேக்கிங் ஷீட். பக்கத்தில் ஒரு தட்டில் பாக்கெட் பால், சர்க்கரை போட்டு. சுற்றி பதினைந்து பேர், பதினைந்து செல்போன்கள். எல்லோர் முகத்திலும் கனிவு. அந்தக் கனிவுதான் அங்கே இருந்த ஆபத்து என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

முதலில் ஆட்களை வெளியே அனுப்பினார். விளக்கை அணைத்தார். தோளில் கிடந்த பருத்தித் துண்டை எடுத்து, மூக்கு வெளியே இருக்கும்படி குட்டியின் கண்ணை மூடினார். கண்ணை மூடினால் மானின் நெஞ்சுத் துடிப்பு மெல்ல இறங்கும். பிறகுதான் கை வைத்துப் பார்த்தார். தொப்புள் கொடி காய்ந்து போயிருந்தது. காது நிமிர்ந்து இருந்தது. நீர் வற்றிய குட்டிக்குக் காது நுனி சுருண்டுவிடும். ஈ மொய்க்கவில்லை, எறும்பு ஏறவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தால் வயிறு நிறைந்திருந்தது. விடியற்காலையில் தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பிறகு எப்படி இந்தச் சர்க்கரைப் பாலைக் குடிக்கும்?

வனக்காப்பாளர் வந்தார். இருவரும் பேசி, குட்டி கிடந்த அதே இடத்தில் கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. தூக்கி வந்த காவலாளியையே வழி காட்டச் சொன்னார்கள். ஸ்கிராப் யார்டுக்குப் பின்னால், மதில் ஓரத்தில், வேலிக்காத்தான் புதருக்கு அடியில் புல் ஒரு தாம்பாள அளவுக்குப் படிந்திருந்தது. அதுதான் படுக்கை. குட்டியை அதில் இறக்கியதும் அது கழுத்தைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டு, இல்லவே இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. மிச்சச் சோறு தின்று ஸ்கிராப் யார்டைச் சுற்றி வளர்ந்த நாய்களை அன்று முழுக்க ஒரு ஷெட்டுக்குள் அடைத்தார்கள். கேன்டீன் ஆட்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு.

மாலையில் அவர் மறுபடியும் வந்து, அலுவலகக் கட்டடத்தின் மாடி ஜன்னலில் நின்றார். ஆறரைக்கு மேல், வெளிச்சம் மங்கும்போது, மதிலின் உடைந்த மூலையில் ஒரு பிணைமான் தெரிந்தது. காதை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் நின்றது. பிறகு நாலு எட்டு. மறுபடியும் நிற்றல். புதருக்கு அருகே வந்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னதுபோல் இருந்தது. ஜன்னல் வரை சத்தம் வரவில்லை. குட்டி எழுந்து நேராக மடிக்குப் போனது. காலையில் பதினைந்து பேர் கை பட்ட குட்டி அது. மனித வாசம் பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை. தாய் தேடி வரும். நாம் குட்டியை இடம் மாற்றி வைத்தால்தான் அதற்குத் தெரியாமல் போகும்.

தொல்காப்பியம் மரபியலில் விலங்குகளின் இளமைப் பெயர்களைப் பட்டியலிடும்போது மானின் குட்டிக்கு மறி என்ற பெயரைத் தருகிறது. காஞ்சிபுரத்துச் சிவன் கோயில்களில் இறைவன் கையில் துள்ளுகிறதே, அதுவும் மான்மறிதான். துள்ளுகிற மறியைத்தான் நாம் சிற்பத்திலும் படத்திலும் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதனால் துள்ளாமல், ஓடாமல், ஆள் கிட்டே போனாலும் எழாமல் கிடக்கிற மறியைப் பார்த்தவுடன் அதற்கு ஏதோ ஆகிவிட்டது என்று மனம் பதறுகிறது.

உண்மையில் அப்படிக் கிடப்பதுதான் அதன் ஆரோக்கியம். புள்ளிமான் ஏழரை, எட்டு மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி ஈனும். பிறக்கும்போது எடை மூன்று, மூன்றரை கிலோ. கூட்டத்தோடு ஓடும் வலு வரும்வரை தாய் அதைப் புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். பக்கத்தில் நின்றால் தன் உடல் வாசமே நாயையும் நரியையும் கூட்டி வந்துவிடும். குட்டிக்கு வாசம் மிகக் குறைவு. அதையும் தாய் விட்டுவைப்பதில்லை. ஈன்ற இடத்தில் நஞ்சுக்கொடியைத் தின்றுவிடும், குட்டியின் மலத்தையும் சிறுநீரையும் நக்கியே சுத்தம் செய்துவிடும். ஒரு நாளில் சில தடவை மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். நடுவில் இருக்கிற நீண்ட மணி நேரங்களில் அந்தக் குட்டியை யார் பார்த்தாலும் அனாதை என்றுதான் நினைப்பார்கள்.

ஷிப்ட் மாறும் வழியில், சிறுநீர் கழிக்க ஒதுங்கிய இடத்தில், பந்து தேடிப் போன புதரில் அந்தக் குட்டி தட்டுப்படுவதற்கு இந்த நிலம் மாறிய கதையும் ஒரு காரணம்.

செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்பார்கள். ஏரி, ஏரிக்குக் கீழே வயல், வயலுக்கு மேலே மேய்க்கால், அதற்கு அப்பால் காரையும் சூரையும் களாவும் மண்டிய முட்காடு. மான் மேயவும் நீர் குடிக்கவும் ஒளியவும் ஒரே நடையில் எல்லாம் கிடைத்த நிலம். 1996-இல் ஹூண்டாயுடன் தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் வெளியே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர் லாரிகள், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. ஏரிகளுக்கு நடுவே மதில்கள் எழுந்தன. மதிலுக்கு மேல் முள்கம்பிச் சுருள். இந்த ஆலைகள் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்தவை. டாக்டரின் மருந்தகத்துக்கு மாடு ஓட்டி வந்தவர்களின் பிள்ளைகள்தான் அங்கே நீலச் சட்டை போட்டுப் போனார்கள். அவர் ஆலைகளைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் மதில் எழுந்த வரிசையை அவர் மானின் பக்கம் நின்று பார்த்தார். ஒதுக்கப்பட்டும் கட்டடம் எழும்பாத மனைகள், மழைநீர்க் கால்வாய் ஓரங்கள், ஆலைக்குள்ளேயே பசுமைப் பகுதி என்று விட்ட ஓரங்கள், இவையெல்லாம் மானுக்கு ஒளிவிடம் ஆகின. மனிதன் அதிகம் நடமாடாத, மதில் காக்கிற, தண்ணீர் விட்டு வளர்த்த புல். தாய்மான் குட்டியை ஒளிக்க அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அவருக்கு இந்த அறிவெல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இலிருந்து நடக்கிறது. அங்கே படித்த ஐந்து வருடத்தில் மாட்டின் நான்கு இரைப்பையையும் கண்ணை மூடிக்கொண்டு வரையக் கற்றிருந்தார். மானும் அசைபோடும் விலங்குதானே என்ற தைரியத்தில்தான் முதல் குட்டியைக் கையில் வாங்கினார்.

அது நிஜமான அனாதை. கிணற்றில் விழுந்த தாயைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி ஏற்றும்போதே அது இறந்துவிட்டது. கரையில் நின்று கத்திக்கொண்டிருந்த குட்டியை ஊர் இளைஞர்கள் விரட்டிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். மருந்தகத்தின் முன்னறையிலேயே வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வந்து தடவிப் பார்த்தார்கள். அவரும் தடுக்கவில்லை. மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கைக்குழந்தைக்குக் கொடுப்பதுபோல் புட்டியில் பால் கொடுத்தார். அது குடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாம் நாள் பின்னங்கால் விறைத்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. மூக்கில் பால் நுரை. அன்று இரவு செத்துப்போனது.

அந்த ஒரு குட்டியை இரண்டு தவறுகள் கொன்றன என்று பின்னாளில் அவர் இளம் மருத்துவர்களிடம் சொல்வார். ஒன்று, விரட்டல். மான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போதும், பிடிபட்டுத் திமிறும்போதும் தசை அளவுக்கு மீறிச் சூடேறி, அமிலம் சேர்ந்து, நார் நாராகச் சிதையத் தொடங்கும். சிதைந்த தசையின் நிறமி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். கடுங்காப்பி நிறம் அதுதான். வெளியில் ஒரு கீறல்கூட இருக்காது. பிடித்த அன்றே சாகலாம், நாலைந்து நாள் நன்றாக இருந்துவிட்டும் சாகலாம். இதற்கு மருந்து இல்லாத மாதிரிதான். வராமல் பார்த்துக்கொள்வதே வைத்தியம். தொடுகிற ஒவ்வொரு கையும், பேசுகிற ஒவ்வொரு குரலும், மினுக்குகிற ஒவ்வொரு செல்போனும் அந்தக் கணக்கில் சேரும்.

இரண்டாவது, மல்லாக்கப் படுக்கவைத்தது. அசைபோடும் விலங்கின் குட்டி நின்றபடி, கழுத்தை நீட்டி, முகத்தை உயர்த்திப் பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் இரண்டு மடிப்புகள் சேர்ந்து ஒரு வாய்க்கால்போல மூடிக்கொள்ளும். பால் முதல் அறைகளில் தேங்காமல் நேராக நான்காவது இரைப்பைக்கு இறங்கும். அங்கேதான் அது செரிக்கும். மல்லாந்து குடித்தால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நுரையீரலில் சளி கட்டும். இதை அவர் கல்லூரியில் படித்திருந்தார், பரீட்சையில் எழுதியும் இருந்தார். குட்டியைக் கண்டதும் கை அம்மாவின் கையாக மாறிவிட்டது, படிப்பு மறந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரல் இப்போதும் இறங்கிவிடும்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையும் ஒரகடத்தில்தான் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இரண்டும் அகலமாகி, நடுவில் தடுப்புச் சுவர் வந்தபிறகு, இருட்டில் கடக்க வந்த மான் பாதியில் மாட்டிக்கொள்ளும். முன்னால் சுவர், பின்னால் கன்டெய்னர் லாரி. எதிர்வெளிச்சம் கண்ணில் அடித்தால் மான் ஓடாது, உறைந்து நின்றுவிடும்.

ஒரு மழை இரவில் அப்படி ஒரு பிணை அடிபட்டது. விடிய இரண்டு மணி இருக்கும். பக்கத்து ஆலையின் இரவுக் காவலாளிதான் போன் செய்தார். அவருக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. அஸ்ஸாமில் போகாகாட் பக்கத்துப் பையன். அரைகுறைத் தமிழ். "சார், அம்மா மர் கயா. பால் இருக்கு, மடியில. பச்சா பக்கம் நிக்குது. நான் தொடல சார். டார்ச் ஆஃப் பண்ணிட்டேன்."

டாக்டர் வியந்துபோனார். தாயின் மடியைப் பார்த்திருக்கிறான், குட்டியைத் தொடவில்லை, டார்ச்சையும் அணைத்திருக்கிறான். யார் சொல்லிக் கொடுத்தது? பிறகு பேசும்போதுதான் தெரிந்தது. போகாகாட் காசிரங்காவின் ஓரத்து ஊர். ஆண்டுதோறும் பிரம்மபுத்திரா பொங்கும்போது காசிரங்காவின் விலங்குகள் நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி மலைப்பக்கம் ஏறும். தண்ணீரில் சிக்கிய பன்றிமான் குட்டிகளைப் படகில் அள்ளி வருவார்கள். 2002-இல் அஸ்ஸாம் வனத்துறையும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து அங்கே தொடங்கிய வன உயிரின மறுவாழ்வு மையம் இந்தக் குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விடுகிறது. சிறுவயதில் அந்தப் படகுகளைக் கரையில் நின்று பார்த்தவன் இவன். குட்டியின் முகத்தில் துணி போட்டு, யாரும் பேசாமல் தூக்கிப் போவார்கள் என்பது அவன் நினைவில் அப்படியே இருந்தது. 2024 ஜூலை வெள்ளத்தில் காசிரங்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட பன்றிமான்கள் இறந்தபோது, அந்த இரவின் குரல்தான் டாக்டரின் நினைவுக்கு வந்தது.

தாயின் மடியில் பால் இருந்ததால் அதைக் கறந்துகொள்ள முடிந்தது. செத்து அரைமணிக்குள் என்பதால் துணிந்து செய்தார். ஐம்பது மில்லி தேறியிருக்கும். குட்டிக்கு இரண்டு மூன்று நாள் வயதுதான். அதன் எதிர்ப்புச் சக்திக்கு வேண்டிய சீம்பால் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது பெரிய அதிர்ஷ்டம். வனச்சரக அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு அறையை ஒதுக்கினார்கள். சட்டம் இதில் தெளிவானது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 39-ஆம் பிரிவின்படி காட்டு விலங்கு அரசின் சொத்து; கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். இரக்கப்பட்டு எடுத்து வளர்த்தேன் என்பது சட்டத்தின் முன் நிற்காது. உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் காலொடிந்த சாரஸ் கொக்கைக் காப்பாற்றிய ஒருவருடன் அது வீட்டிலேயே தங்கி, அவர் பைக்கின் கூடவே பறந்து வந்ததை நாடே பார்த்தது. 2023 மார்ச்சில் வனத்துறை அந்தப் பறவையை எடுத்துப்போனது, அவர்மேல் வழக்கும் வந்தது. அதைப் பார்த்து அழுதவர்களில் டாக்டரின் மனைவியும் ஒருவர். டாக்டர் ஒன்றும் பேசவில்லை.

அந்த அறையில் நடந்த பத்தொன்பது நாட்கள்தான் அவர் தொழிலில் கற்றதன் சாரம்.

மான்பால் பசும்பாலைவிடக் கெட்டி. கொழுப்பும் புரதமும் அதிகம். பாக்கெட் பாலில் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் கழிச்சல்தான் மிஞ்சும், குட்டியைக் கொல்வதில் முதலிடம் கழிச்சலுக்கு. கிராமத்தில் கிடைக்கக்கூடியதில் வெள்ளாட்டுப் பால் நல்லது, அதன் கொழுப்பு எளிதில் செரிக்கும். அறிமுகமான ஒரு பாட்டியின் ஆட்டிலிருந்து காலையும் மாலையும் கறந்து வந்தது. குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று நாள் கணக்கு. மூன்றரை கிலோ குட்டிக்கு 350 மில்லி. அதையும் ஐந்து வேளையாகப் பிரித்து வேளைக்கு 70. குட்டி இன்னும் கேட்கும். கொடுக்கக் கூடாது. பாலின் சூடு மணிக்கட்டில் விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. குட்டி நின்றுகொண்டிருக்க, பின்பக்கமாக முட்டி போட்டு உட்கார்ந்து, புட்டியை அதன் தலைக்கு மேல் நீட்ட வேண்டும். அப்போது அது ஆளின் முகத்தைப் பார்க்காது.

ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அதன் வால் அடியில் மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். தாய் நாக்கால் நக்கும்போதுதான் குட்டிக்கு மலமும் சிறுநீரும் இறங்கும். இதைத் தெரியாமல், நன்றாகப் பால் குடித்த குட்டி ஏன் வயிறு உப்பிச் செத்தது என்று திகைத்தவர்கள் உண்டு. மலம் மஞ்சளாகக் களிம்புபோல் இருக்கிறதா, நீராகப் போகிறதா என்று ஒரு நோட்டில் குறிப்பு. நீராகப் போன அன்று பாலை நிறுத்தி, உப்புச்சர்க்கரைக் கரைசல் மட்டும். இரண்டாம் வாரத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் காட்டு மண்ணும், இளம் அகத்திக் கொழுந்தும், அறுகம்புல்லும். குட்டி மண்ணை நக்கியபோது வனக்காவலர் பதறினார். டாக்டர் விடச் சொன்னார். அசைபோடும் வயிற்றுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் எங்கிருந்தாவது உள்ளே போகத்தானே வேண்டும்?

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது பேசாமல் இருப்பது. அந்த அறைக்குள் அவர் வாய் திறக்கவில்லை. பெயர் வைக்கவில்லை. பால் கொடுப்பவர் ஒரே ஆள், ஒரே சட்டை, அதில் மானின் படுக்கைப் புல்லைத் தேய்த்துக்கொள்வார். பால் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார். குட்டி கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிடும். நாய்க்குட்டியைப்போல் அது கால் பின்னால் ஓடிவர வேண்டும் என்று மனம் கேட்கத்தான் செய்யும். மனிதனிடம் வளர்ந்த கிடா மான் பருவம் வந்து கொம்பு முற்றினால் மனிதனையே தன் இனத்துப் போட்டியாளனாகப் பார்க்கும். காட்டுமான் ஆளைக் கண்டால் ஓடும்; வீட்டில் வளர்ந்தது பயமில்லாமல் முட்ட வரும். பிணையாக இருந்தால் முட்டாது, ஆனால் நாயைக் கண்டு ஓடவும் அதற்குத் தெரியாது.

ஆட்டுப் பால் கொடுத்த பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. "வல்லக்கோட்டை முருகனுக்கு வாக்கப்பட்ட வள்ளிம்மாவையே மானுதான் பெத்துச்சு. வேடன்தான எடுத்து வளத்தான்? நாம ஒரு மான்குட்டிய வளத்தா என்னா தப்பு டாக்டரே? ஒரு வார்த்தை பேசக் கூடாதா அதுகிட்ட?"

நியாயமான கேள்வி. கச்சியப்ப சிவாச்சாரியார் இதே காஞ்சி மண்ணில், குமரகோட்டத்தில் அரங்கேற்றிய கந்தபுராணத்தில், மான் ஈன்றுவிட்டுப் போன குழந்தையை வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியிலிருந்து எடுத்து வளர்க்கிறான் நம்பிராஜன். அங்கே குழந்தை மனிதக் குழந்தை, அதனால் வளர்ப்பு பொருந்தியது. டாக்டர் பாட்டிக்கு இன்னொரு கதையைச் சொன்னார். ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் உற்சவத்தின்போது ஒரு உபன்யாசத்தில் கேட்ட கதை, பாகவதத்தில் வருவது. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் இருந்த பரதன், சிங்கத்தின் கர்ஜனைக்குப் பயந்து தாண்டிய நிறைமாத மான் ஆற்றில் ஈன்றுவிட்டு இறந்ததைப் பார்க்கிறார். குட்டியை எடுத்து வளர்க்கிறார். அறுகம்புல் தேடிக் கொடுக்கிறார், தோளில் சுமக்கிறார், அது கண்ணில் படாவிட்டால் தவிக்கிறார். சாகும்போதும் அந்த மானையே நினைத்ததால் அடுத்த பிறவியில் மானாகவே பிறக்கிறார். கேட்பவர்கள் எல்லாரும் பரதனுக்காக வருந்துவார்கள். டாக்டர் அந்தக் குட்டியை நினைத்தார். பரதன் கண்ணை மூடிய பிறகு, காடு தெரியாத அந்த மான் எங்கே போயிருக்கும்?

பாட்டி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பால் செம்பை வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போனார்.

நாயைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. 1959-இல் கிண்டிக் காட்டிலிருந்து நிலம் பிரித்து ஐஐடி கட்டியபோது புள்ளிமானும் வெளிமானும் வளாகத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. அங்கே மான்கள் நாய்க்கடியில் சாவதும், உணவுப் பொட்டலத்தோடு பிளாஸ்டிக்கை விழுங்கிச் சாவதும் பல காலமாகப் பேசப்படுகிற விஷயங்கள். பக்கத்திலேயே 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேசியப் பூங்கா இருந்தும் இப்படி. ஒரகடத்தில் மானுக்கு அப்படிப் பெயர் சொல்லும் பூங்காகூட இல்லை. கேன்டீன் கழிவு கொட்டுகிற இடமெல்லாம் நாய்க்கூட்டம் பெருகுகிறது. நாய் கடித்த மான்குட்டியைத் தூக்கி வருகிறவர்களிடம் டாக்டர் முதலில் கேட்பது அவர்களுடைய கையைப் பற்றித்தான். கீறல் இருக்கிறதா? எச்சில் பட்டதா? வெறிநோய் மானுக்கும் வரும். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லி, தடுப்பூசிக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள். ஒரு காவலாளி மூன்றாவது ஊசியோடு நின்றுவிட்டார். ஷிப்ட் கிடைக்காது என்று பயம். டாக்டர் ஆலை கேட்டுக்கே போய், பேசி, கையோடு கூட்டிப்போய்ப் போட்டார்.

சாலைக்கு என்ன செய்வது என்று அவர் கூட்டங்களில் கேட்டதுண்டு. பதில் தெரியாத கேள்வி அல்ல அது. காசிரங்காவில் வெள்ளக்காலத்தில் வாகனங்களுக்கு நேரச் சீட்டு கொடுக்கிறார்கள். ஒரு சோதனைச் சாவடியில் நேரம் குறித்து, அடுத்த சாவடிக்குச் சீக்கிரம் வந்துவிட்டால் வேகமாக ஓட்டியதற்கு அபராதம். பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைத் தூக்கிக் கட்டி, அடியில் விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியை அதிகம் பயன்படுத்துவது புள்ளிமான்தான் என்று கேமராக்கள் காட்டின. திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்கு உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. ஒரகடம் சாலையை இரவில் மூடச் சொல்ல அவருக்கு மனம் வராது; மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊர். ஆனால் ஏரிக்கரை தாண்டி மான் கடக்கிற நாலைந்து இடங்கள் அவருக்கும் வனக்காவலருக்கும் லாரி டிரைவர்களுக்கும் தெரியும். அங்கே வேகத்தடையும், தடுப்புச் சுவரில் ஒரு இடைவெளியும் வைக்கலாம் என்று அவர் கையால் வரைந்த படம் ஒன்று இன்னும் அவருடைய பழைய டைரியில் இருக்கிறது.

சிறிய காரியங்கள் நடந்தன. ஒரு ஆலையில் கேட் அறைச் சுவரில், தமிழிலும் இந்தியிலும் நாலு வரி எழுதி ஒட்டினார்கள்: குட்டி படுத்திருந்தால் தொடாதே. படம் எடுக்காதே. நாயை விரட்டு. செத்த தாயைப் பார்த்தால் மட்டும் போன் செய். எழுதியவர் டாக்டர், இந்தியில் எழுதித் தந்தவர் அந்த போகாகாட் பையன். அதன்பிறகு அந்த கேட்டிலிருந்து அவருக்கு வந்த அழைப்புகள் குறைந்தன. வந்த அழைப்புகளில், "சார், தொடல. இங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்ற வாக்கியம் முதலில் வந்தது.

பத்தொன்பதாம் நாள் வண்டலூரிலிருந்து வண்டி வந்தது. 1855-இல் மதராஸ் அருங்காட்சியகத்தில் தொடங்கி, 1985-இல் வண்டலூர்க் காட்டுக்கு இடம் மாறிய உயிரியல் பூங்கா, 602 ஹெக்டேர். அங்கே மீட்கப்பட்ட விலங்குகளுக்குத் தனி இடம் உண்டு, அதன் வயதை ஒட்டிய மற்ற மான்களும் உண்டு. தனியே வளர்ந்த குட்டிக்கு மானாக இருக்கக் கற்றுக்கொடுக்க வேறு மான்களால்தான் முடியும். பகல் வெயில் இறங்கிய பிறகு, பக்கங்களில் சாக்குத் தொங்கவிட்ட மரக்கூண்டில், வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். எடை ஐந்து கிலோவைத் தாண்டியிருந்தது. நோட்டையும் புட்டியையும் டாக்டர் கொடுத்தனுப்பினார். எந்த வேளைக்கு எவ்வளவு, கழிச்சல் போன நாட்கள், பஞ்சு தேய்ப்பதை எப்போது நிறுத்தினார் என்பதெல்லாம் அதில் இருந்தது. குட்டி பிணை என்பதையும் எழுதியிருந்தார். பெயர் என்ற இடத்தில் கோடு.

ஓய்வு பெற்றபின் அவர் தாம்பரத்தில் மகள் வீட்டுக்கு அடிக்கடி போகிறார். அவர் ஏறும் பஸ் வண்டலூர் வழியாகப் போகும். பேரப்பிள்ளைகள் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கும்போது மருமகனை அனுப்பி வைப்பார். தான் போனதில்லை. அந்த அறையில் ஒரு சொல்கூடப் பேசவில்லைதான். ஆனால் ஒரு மழை இரவில், கழிச்சல் கடுமையாகி அது எழ முடியாமல் கிடந்தபோது, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று, "எந்திரிம்மா" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். கதவின் அந்தப் பக்கம் அது கேட்டிருக்குமோ என்று அவருக்கு இன்னும் சந்தேகம்.